முதலில் காய்ந்த மூட்டை

விஸ்வகர்மா பூஜையன்று எங்கள் பழைய அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுக வாசலுக்கு எதிர்ச்சந்தில் இருக்கிற அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இந்த வருஷமும் பந்தி நடந்தது. அன்றைக்குப் பட்டம் விடுவது இந்த ஊர் வழக்கம்; தலைக்கு மேலே ஊர் முழுக்கப் பட்டங்கள். நான் கிச்சடியைத் தட்டில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இங்கே பிரிவுத் தலைவர் ஆக எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டாள். கேள்வியே தப்பு என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. விளக்கம் சொல்லலாமென்று வாயைத் திறந்தால், பக்கத்து மாடியில் பட்டத்தை அறுத்த கூச்சல். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழில் பலருக்குத் தெரியாது. கப்பலில் வந்த சரக்கு நனைந்து கெட்டுப்போயிருந்தால், எந்தத் தண்ணீர் அதை நனைத்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கடல் தண்ணீரா, ஏற்றும்போது பெய்த மழையா, இல்லை கப்பலுக்குள்ளேயே ஊறிய ஈரமா? கடல் தண்ணீர் என்றால் நஷ்டம் ஒருவர் தலையில் விழும், மழை என்றால் இன்னொருவர் தலையில். அதனால் எல்லாருக்கும் எங்களிடம் அவசரம் உண்டு, பிரியம் கிடையாது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பவானிபூரில் காப்பித்தூளும் அப்பளமும் விற்றவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே வேதியியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் குடிநீரைச் சோதிக்கிற ஒரு கூடத்தில் வேலை. மூன்று வருஷம் அங்கே செய்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது. வீட்டில் தம்பிகள் என்னை 'உப்பு ஆபீசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலில் உப்புக் குறைந்தால் என்னிடம் ஓர் அதிகாரபூர்வமான புகார் வரும்.

அந்த நாளில்தான் இந்த நிறுவனம் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வரவேற்பறையில் காத்திருந்தவர்களில் நான்தான் சின்னவள். எல்லாரும் பத்து வருஷம், பதினெட்டு வருஷம் என்று கைவசம் வைத்திருந்தார்கள். சரி, வந்ததற்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

நேர்காணல் செய்தவர் தலைமை ஆய்வாளர் சன்யால். கனத்த உடம்பு. யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தியவர்கள் பலர். என் வயதையும் கேட்கவில்லை, வருஷத்தையும் கேட்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்டார். தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும் என்றேன்.

"தார்போர்?" என்றார். வங்காளத்தில் 'அப்புறம்?' என்று அர்த்தம்.

சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால், உப்புத் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும் என்று சொன்னேன். தார்போர்? குழாய்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடிக்குழாயே பொய்யாக வெளுத்துக் காட்டும் என்றேன். தார்போர்? நம் விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது, கல்கத்தாப் புழுக்கத்தில் வெறும் கையால் தொட்டால் அதுவும் பொய் சொல்லும் என்றேன். தார்போர்? இப்படியே இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் எனக்கு அடி தட்டியது. இதற்கு மேல் தெரியாது என்றேன்.

அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "எந்த இடத்துல தெரியாமப் போகுது?"

"உப்பு இல்லாம வேற எதெல்லாம் இப்படி வெளுக்கும்னு நான் பார்த்ததில்ல சார். தண்ணியைத் தவிர வேற எதையும் சோதிச்சதில்ல."

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷக்காரர் என்ன ஆனார் என்று பிற்பாடு ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன். இரண்டாவது தார்போருக்கே அவர், தான் ஏறி இறங்கிய பெரிய பெரிய கப்பல்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றேணியில் ஏறப் பழகினேன், புடவையை விட்டுச் சல்வாருக்கு மாறினேன், கப்பல்காரர்கள் வைக்கிற அசட்டு மரியாதையைச் சகித்துக்கொள்ளக் கற்றேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்துவிடும், வாரக்கணக்கில் போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் விரல் நுனியெல்லாம் கறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு என் விரலையே பார்த்தார். நான் என் வேலையை விளக்கத் தொடங்க, என் அம்மா கதவோரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் புண்ணியவதி முழுக்கக் கேட்டுவிட்டு, கடையில் வாங்குகிற ஊறுகாயில் உப்பு எவ்வளவு என்று இதில் கண்டுபிடிக்க முடியுமா என்றார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சன்யால் சாரிடம் ஒரு கட்டளை உண்டு. நனைந்த மூட்டையைத் தொடுவதற்கு முன்னால், நனையாத மூட்டை ஒன்றைச் சோதித்தாக வேண்டும். அது வெளுக்கக் கூடாது. அது வெளுக்காமல் இருந்து, நனைந்தது வெளுத்தால்தான் அந்த வெண்மைக்கு அர்த்தம். அறிக்கையை யாராவது வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். காய்ந்த மூட்டை பற்றிய வரி வராவிட்டால் ஒரு விரலை உயர்த்துவார். வாசிப்பவர் காகிதத்தை மடித்துக்கொண்டு மறுபடி கப்பலுக்குக் கிளம்ப வேண்டியதுதான். திட்டவே மாட்டார். அந்த விரலுக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் ஒழுங்காக இருந்தோம்.

அவர் ஓய்வுபெற்றார். வருஷங்கள் ஓடின. தொழில்நுட்பப் பகுதி என் பொறுப்புக்கு வந்தது. நிறுவனமும் பெருத்தது. சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் புதிதாகச் சோதனைக்கூடமும் ஆள் எடுக்கிற அலுவலகமும் வைத்தார்கள். கப்பல் வேலையில் ஒரு வசதி உண்டு. தினமும் அதையே செய்யலாம், நூறு தடவை செய்தாலும் நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரியே செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள். காய்ந்த மூட்டை ஒருமுறைகூட வெளுத்ததில்லையே, அதை எதற்குச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டும் என்று மெல்ல மெல்ல எல்லாரும் அதை விட்டுவிட்டார்கள். நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். என் விரலுக்கு அந்தச் சக்தி இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சரக்குச் சேதப் பிரிவுக்குத் தலைவர் ஒருவரை எடுக்க வேண்டி வந்தது. இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் திலீப் ஹால்தார். எங்கள் அலுவலகத்திலேயே முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். நான் அண்ணா என்கிற அர்த்தத்தில் திலீப்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார். துறைமுக வாசல் காவலர்கள் அத்தனை பேரின் பிள்ளைகள் பெயரும் அவருக்குத் தெரியும். வேலைநிறுத்தத்தன்றுகூட எங்களை உள்ளே கூட்டிப் போய்விடுவார். நான் முதல்முதலாகக் கயிற்றேணியில் ஏறி நடுவில் நின்று நடுங்கியபோது, கீழேயிருந்து அதை ஆடாமல் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. தலைவராகத்தான் வீட்டுக்குப் போவேன் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

இன்னொருத்தி நஸ்ரீன். கிடர்பூர்ப் பெண். மூட்டையில் வருகிற தானியம் ஏன் கெடுகிறது என்பதை மட்டும் ஆராய்கிற குட்டிச் சோதனைக்கூடம் ஒன்றில் ஆறு வருஷம் இருந்தவள். அதை மூடிவிட்டார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆசன்சோலில் மாமா நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதையும் அவளே சொன்னாள், கெஞ்சுகிற தொனி துளியும் இல்லாமல். நான் சன்யால் சாரின் முறையில் தார்போர் போட்டுக்கொண்டே போனேன். டீ ஆறிப்போயிற்று. அடி தட்டுவதாகக் காணோம். ஒவ்வொரு இடத்திலும், இது நான் பார்த்தது, இது படித்தது, இது ஊகம் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வயதுக்குத் தகாது என்பதால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

என்னோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர் ரகுநாதன், ஆள் எடுக்கிற அதிகாரி. சால்ட் லேக்கிலேயே வளர்ந்த தமிழர். என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பார். அவருடைய மதிப்பெண் முறையில் பாதி மார்க் வருஷத்துக்கே போய்விடும். நஸ்ரீன் என்ன தலைகீழாக நின்றாலும் திலீப்தாவைத் தொட முடியாது.

"மேடம், வெளியிலேர்ந்து ஒரு பொண்ணைக் கொண்டுவந்து அவருக்கு மேல உக்கார வெச்சா, மத்தவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது? முப்பத்தஞ்சு வருஷத்துக்கு என்ன மரியாதை?"

அவர் கேட்டது சில்லறைக் கேள்வி இல்லை. எனக்கும் அது குத்தியது. வருஷத்தை எண்ணுவது சுலபம், அதில் சண்டை வராது, அதனால் அலுவலகங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று எரிச்சலாகச் சொன்னேனே தவிர, திலீப்தாவின் முகம் கண்முன் வந்துகொண்டேதான் இருந்தது. ஒருவர் ஓரிடத்தில் எத்தனை காலம் இருந்தார் என்பதை வருஷம் சொல்லிவிடும். அங்கே அவர் எதைப் பார்த்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் திலீப்தாவிடம் அப்படிக் கேட்டதே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயம் பர்மாவிலிருந்து உளுந்து ஏற்றிய கப்பல் ஒன்று வந்து நின்றது. தை மாதக் குளிர். மூட்டைகளில் ஒரு பகுதி நனைந்து பூசணம் பிடித்திருந்தது. இருவரும் தனித்தனியாகப் பார்த்து முடிவைச் சொல்லட்டும், அதை வைத்துத் தீர்மானிப்போம் என்றேன். நியாயமாக இருக்கிறது என்று ரகுநாதனும் ஒப்புக்கொண்டார். எனக்கும் விடை தெரியாது. நானும் அவரும் மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வந்திருந்தார், பாவம். இரும்புத் தளத்தில் வழுக்கி வழுக்கி, கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் போனவர் திலீப்தா. சரக்கறைக்கு மேலே பெரிய இரும்பு மூடி இருக்கும். அதன் ஓரம் நெடுக ரப்பர் பட்டை. கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அவர் அந்த ரப்பரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். மூடி அழுந்துகிற இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து, மூடச் சொல்லி, திறக்கச் சொல்லி, ரப்பரில் சாக் கோடு விட்டுப்போகாமல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு கீழே இறங்கி, நனைந்த மூட்டையின் துணுக்கை வெட்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மருந்து பாட்டிலைத் திறந்து சொட்டு விட்டார். பளீரென்று வெளுத்தது. மேலே வந்து, கடல் தண்ணீர்தான், சந்தேகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ரகுநாதனுக்குப் பரம திருப்தி.

அடுத்து நஸ்ரீன் இறங்கினாள். நேராக நடுவில் இருந்த காய்ந்த அடுக்குக்குப் போனாள். சன்யால் சாரைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அந்தப் பழைய கூடத்தில் அவளாகவே கண்டுகொண்ட வழக்கம் அது. துணுக்கை வெட்டி, ஊறவைத்து, சொட்டு விட்டாள்.

வெளுத்தது.

என் வாழ்நாளில் காய்ந்த மூட்டை வெளுத்து நான் பார்த்ததில்லை. பெண் பதற்றத்தில் ஏதோ குளறிவிட்டாள், வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவள் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. கையுறையை மாற்றினாள். கொண்டுவந்த தண்ணீரை மட்டும் தனியாகக் குழாயில் ஊற்றிச் சொட்டு விட்டாள். தெளிவாக இருந்தது. ஆக, மருந்திலும் தண்ணீரிலும் குற்றமில்லை. இன்னும் உள்ளே தள்ளி வேறொரு காய்ந்த மூட்டை. அதுவும் வெளுத்தது.

கொஞ்ச நேரம் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, சரக்கறைச் சுவரில் இருந்த ஏணியில் ஏறி, இரும்புச் சட்டங்களின் விளிம்புகளைக் கையுறை விரலால் துடைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டியதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மேலே வந்து, கப்பலின் முதல் அதிகாரியிடம், இதற்கு முந்தின பயணத்தில் என்ன ஏற்றினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பொட்டாஷ் உரம் என்றார் அவர். காகிதத்தில் இருந்தவை இளஞ்சிவப்பான சின்னச் சின்னப் பரல்கள்.

பொட்டாஷும் ஒரு வகை உப்புத்தான். சில்வர் நைட்ரேட்டுக்குக் கடல் உப்பும் ஒன்றுதான், அதுவும் ஒன்றுதான், இரண்டையும் பால் மாதிரி வெளுக்க வைக்கும். சோதனைக்கூடத்துக்கு வந்து, அந்தப் பரலைக் கம்பியில் தொட்டுத் தீயில் காட்டி, நீலக் கண்ணாடி வழியே என்னையும் பார்க்கச் சொன்னாள். சுடர் கத்தரிப்பூ நிறத்தில் எரிந்தது. பொட்டாஷ் அப்படித்தான் எரியும். சரியாகக் கழுவாத சரக்கறையில் உரத் தூசி எல்லா மூட்டையின் மேலும் படிந்திருக்கிறது. அதனால் வெளுத்ததை வைத்துக் கடல் தண்ணீர் என்று சொல்லவே முடியாது. அப்படியானால் நனைத்தது எது?

மறுநாள் செக்டர் ஃபைவ் அலுவலகத்தில் நால்வரும் உட்கார்ந்தோம். நஸ்ரீன் தன் முடிவைச் சொன்னாள். கப்பலுக்குள்ளேயே ஊறிய ஈரம்தான் என்பது அவள் எண்ணம். வெதுவெதுப்பான ஊரில் ஏற்றிய உளுந்து, குளிர்ந்த ஊருக்கு வந்தது. இரும்புக் கூரை சில்லிட்டது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் நீர் பூப்பதுபோல் கூரையின் உட்புறம் நீர் பூத்துச் சொட்டியிருக்கிறது. ஈரக்கறையும் சட்டங்களுக்கு நேர் கீழே வரிசையாகத்தான் விழுந்திருந்தது; ஏற்றும்போது பெய்த மழை இப்படி வரிசை பார்த்து விழாது. ரகுநாதன் தலையாட்டி, அப்படியானால் விஷயம் முடிந்தது என்றார். அவள் இல்லை என்றாள்.

"நான் சொன்னது பாதிதான் சார். மூடி வழியாவும் தண்ணி வரலைன்னு யாராவது சொல்லணும். அது எனக்குத் தெரியாது. ரப்பரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

வேலைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறவள், முடிவு கைக்கெட்டும் நேரத்தில், எனக்குத் தெரியாது என்று இவ்வளவு நிதானமாகச் சொல்கிறாளே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பதைப்பாகவும் இருந்தது. நான் திலீப்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சிவந்து, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரப்பர் நல்லா இருக்கு தீதி. சாக் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்துலகூட விட்டுப்போகல."

"தார்போர்?" என்றேன். அவரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் பேச ஆரம்பித்தார். நான் இத்தனை வருஷம் கேட்காத பேச்சு அது. ரப்பர் புதிதா, பழையதா என்பது பெரிதில்லை, அழுத்தம் விட்டதும் எவ்வளவு சீக்கிரம் மேலெழும்புகிறது என்பதுதான் கணக்கு என்றார். மூடியின் மூலைகளில்தான் முதலில் விடும், நேரான இடத்தில் விடுவது அபூர்வம் என்றார். கசிந்த மூடியின் இரும்பில் துரு எப்படி ஒரு பக்கமாக ஒழுகியிருக்கும், இந்தக் கப்பலில் அது ஏன் இல்லை என்று விரலால் மேஜையில் வரைந்து காட்டினார். நஸ்ரீன் பேனாவை மூடி வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே நிறுத்தினார்.

"இந்த மூடி வழியா தண்ணி வந்திருக்காது" என்றார்.

அப்படியானால் நேற்று ஏன் கடல் தண்ணீர் என்றீர்கள் என்று ரகுநாதன் கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"வெளுத்துடுச்சே சார். வெளுத்தா கடல் தண்ணின்னுதான் இத்தனை வருஷமா எழுதறேன். ரப்பர்ல தப்பில்லன்னு கை சொல்லிச்சு. ஆனா பாட்டில் பொய் சொல்லுமா? என் கைக்குத்தான் ஏதோ தெரியலன்னு நினைச்சேன்."

இந்த மனிதர் ஒரு விஷயத்தில் அடியாழம் வரை போனவர். அது என்னவென்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் எத்தனை வருஷம் என்பதைத்தான். கேட்டுக் கேட்டு, அவருக்கும் தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

இருவரும் வெளியே போனபின் ரகுநாதன் தன் மதிப்பெண் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி ஒன்றுதானே, என்ன செய்வது என்றார். நஸ்ரீன்தான் என்றேன். அந்தப் பிரிவின் தலைவருக்குத் தனக்கு எதுவரை தெரியும், எங்கே இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும், அவளுக்குத் தெரிகிறது என்றேன். திலீப்தாவைப் பாட்டில் தூக்க அனுப்புவதை இன்றோடு நிறுத்திவிட்டு, மூடி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அவர் கையில் கொடுங்கள், அந்த விஷயத்தில் அவர் சொல்வதே கடைசிச் சொல்லாக இருக்கட்டும், சம்பளத்திலும் அது தெரியட்டும் என்றேன். எதிர்ப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"இந்த மார்க் முறையை என்ன மேடம் பண்றது?" என்றார்.

"கிழிச்சுடாதீங்க. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, யாருக்கு எது எதுவரைக்கும் தெரியும்னு அதுல எழுதுங்க" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இது இத்தோடு சுபமாக முடிந்தது என்று எழுதினால் பொய். திலீப்தா நொறுங்கிப்போனார். தெருவில் என்ன சொல்வேன் என்று ஒருவரிடம் அழுததாகக் கேள்விப்பட்டேன். என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். நான் பஸ்ஸுக்கு நடக்கிற பாதையில் அவர் வரமாட்டார். மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேறு மாடிக்குப் போய்விடுவார். புது வேலை, கூடுதல் சம்பளம் எதையும் மறுக்கவில்லை, அதற்காக மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டவரை நான் தள்ளிவிட்டேனோ என்று பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது சரி என்று தெரிந்திருந்தும் வலித்தது.

நஸ்ரீன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சில வாரம் கழித்து, பருப்பு ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. சரக்குக்காரர், கப்பல்காரர், இன்ஷூரன்ஸ்காரர் எல்லாரும் காலையிலேயே வந்து வரவேற்பறையில் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார்கள். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போவாள் என்று பார்த்தால், நேராகத் திலீப்தாவின் மேஜைக்குப் போய் நின்றாள்.

"திலீப்தா, நீங்க மூடியைப் பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பாட்டிலைத் திறக்க மாட்டேன்."

எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். வரவேற்பறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திலீப்தா உடனே எழவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இழுப்பறையைத் திறந்து மூடினார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றார்.

"தீதி, எனக்கு நேரமாகும்" என்றார். "அந்தப் பொண்ணுகிட்டயும் வெளியில நிக்கறவங்ககிட்டயும் சொல்லிடுங்க. என்னை யாரும் அவசரப்படுத்தக் கூடாது."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதை எழுதுவதில் வெட்கமில்லை. டீ ஆறுவதற்குள் கப்பலைப் பார்த்து முடிக்கிற மனிதர், அன்று சாயங்காலம் வரை இறங்கவில்லை. நஸ்ரீன் கப்பலடியில், மூடிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.